கோழிப் படம் போட்ட ஆள்

"கோழிப் படம் போட்ட ஆளா நம்ம மீனைக் காப்பாத்தப் போறான்? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினான் அண்ணன் ஒபுரா.

குளத்தில் இரண்டாயிரம் திலாப்பியா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தங்கை அடோயோவுடைய மகளின் நர்சிங் படிப்பே இந்த மீனை நம்பித்தான். அவள் விடிந்ததும் விடியாததுமாக மீன் வளர்ப்போர் பேஸ்புக் குழுவில் கேட்டிருந்தாள். இரண்டு பதில்கள் வந்திருந்தன: ஒன்று 'மீன் பேராசிரியர்' என்பவரிடமிருந்து, இன்னொன்று முகத்துக்குப் பதில் கோழிப் படம் போட்ட யாரோ ஒருவரிடமிருந்து.

"மீன் பேராசிரியர் சொல்றதைப் பாரு. கழுத்துல ஸ்டெதஸ்கோப்! பதினெட்டாயிரம் பேர் அவர் பின்னால! 'உடனே நீல மருந்து கொட்டு, கிசுமு சந்தையில நம்ம கடையில கிடைக்கும்.' பட்டுனு ஒரே வரி!"

"அதாண்ணே உறுத்துது. என் குளத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே? இந்தக் கோழியைப் பாரு. தண்ணி பச்சையா இருக்கா, ராத்திரி மழையா, தீனி எவ்வளவு போட்டே, முழங்கை வரைக்கும் கையை விட்டா விரல் தெரியுதா... இத்தனையும் கேட்டுட்டுத்தான் வைத்தியமே சொல்லுது. 'தண்ணியில காத்துப் பத்தலைன்னு நினைக்கிறேன், தப்பாவும் இருக்கலாம். தீனியை நிறுத்து, புதுத் தண்ணி பாய்ச்சு. மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா மீன்வள அதிகாரியைக் கூப்பிடு'ங்குது."

"தப்பா இருக்கலாம்னு அதுவே ஒத்துக்குதே!"

"அப்படி ஒத்துக்கிற ஆளைத்தாண்ணே நம்பணும்" என்று மோட்டாரைப் போட்டாள் அடோயோ.

பத்து மணிக்கெல்லாம் மீன்கள் அடிக்கு இறங்கிவிட்டன. செத்தது ஏழே ஏழு.

அடுத்த வாரம், புகை போட்ட மீன் ஒரு கூடை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பினாள் அடோயோ. கோழி லேசில் விலாசம் தரவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். போய்ப் பார்த்தால், அட, பேராசிரியரின் கடை! புறவாசலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தாள்.

"நீதான் கோழியா? மகராசி, நல்லா இருக்கணும் நீ! என் மக படிப்பையே காப்பாத்திட்டே. ஆமா, போயும் போயும் இந்தப் புளுகன் கடையிலயா வேலை பாக்குறே? எங்கே அந்தப் பேராசிரியர்? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேளுங்கக்கா. முதலாளிக்கு எழுதத் தெரியாது. பேராசிரியர் பேர்ல எழுதுறதும் நான்தான். அதை அனுப்பின கையோட, மனசு கேக்காம, கோழியா ஓடி வந்துடுவேன்."