மடியில் ஒரு கிலோ

சிம்மக்கல் வாழைக்காய் மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசின் மேல் சந்தானம் நிற்கிறார். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் காலை வெயில் தராசு முள்ளில் மினுங்குகிறது. புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து ஐந்து மாதமாகிறது. "ஆரம்பத்துலயே பிடிச்சாச்சு, எங்கயும் பரவல. இனிமே எடை இறங்காமப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வியாழன்தோறும் மனைவி கனகலட்சுமி அவரை இங்கே கூட்டிவருகிறாள். அவள் கையிலுள்ள தூக்குவாளியில் துண்டு துண்டாக நறுக்கிய இட்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு துண்டு. கடைசித் துண்டை அவர் எப்போதும் மிச்சம் வைப்பார்.

"அதே நாப்பத்தெட்டுண்ணே, இறங்கல" என்கிறார் மண்டிக்காரர். சந்தானம் சிரிக்கிறார். ஆனால் வலது கை இடுப்பை விட்டு நகரவில்லை. கனகலட்சுமி அந்தக் கையையே பார்க்கிறாள். செல்லூர் வீட்டில் இன்று காலை தறியில் பாவு நூல் தொளதொளவென்று கிடந்தது நினைவுக்கு வருகிறது. கிட்டே போய் அவர் வேட்டி மடிப்புக்குள் கைவிடுகிறாள். பாவு நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கத் தறியில் தொங்கவிடும் இரும்புக் கட்டி வெளியே வருகிறது. முள் நாற்பத்தேழுக்கு இறங்குகிறது. மண்டிக்காரர் வாழைத்தார்கள் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

"நீ தூங்கவே மாட்டேங்குற. அதான்..." என்கிறார் சந்தானம்.

வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தை விட்டுவிட்டு, மண்டிக்காரர் காதிலும் விழட்டும் என்று அவள் தமிழிலேயே சொல்கிறாள். "கட்டி தறிக்குப் போகுது. அடுத்த வியாழன் இந்த ஒரு கிலோ உங்க உடம்புல இருக்கணும்."

சாக்கின் மேல் உட்கார்ந்து சந்தானம் நிதானமாக மெல்கிறார். மூன்று துண்டு முடிகிறது. அவள் தூக்கை மூடப் போகிறாள். அவர் கை நீட்டுகிறார்.