சத்தம் வைக்காமல் ஒரு படம்

கொலைகாரன் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறான். அந்தக் கொரியாக்காரப் பெண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை.

எழுந்து ஓடித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன். வாய்விட்டுக் கத்த முடியாது. எனக்குப் பின்னால் கட்டிலில் என் வீட்டுக்காரர் முனிவேல் தூங்குகிறார்.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி கம்பெனி பஸ் வந்துவிடும். ஓசூரில் எங்கள் லைன் வீட்டுக்கு இருப்பதே ஒரு ரூம். ஜன்னலில் போர்வையைக் கட்டி வெயிலை அடைத்துவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அவர் போனில் படம் பார்ப்பேன். சத்தம் சுத்தமாகக் கிடையாது.

தமிழ்ப் படத்தைச் சத்தமில்லாமல் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும். கொரியாப் படத்துக்குச் சத்தம் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கீழே வருகிற இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொள்வேன். பிளஸ் டூ படிப்பு அதற்காவது உதவுகிறது.

காதில் இயர்போன் மாட்டலாமே என்பீர்கள். மாட்டினால் அவர் குறட்டை கேட்காது.

அந்தக் குறட்டைக்குக் காவல் இருப்பதுதான் எனக்குப் பகல் முழுக்க வேலை. கீரைக்காரம்மா 'சொப்பூ' என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு தெருமுனைக்கு வரும்போதே ஓடிப்போய்க் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். குக்கரை எடுத்துப் பரணில் போட்டாகிவிட்டது. அவர் தூங்கினால்தான் அவர் கை தப்பும்.

அவர் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டுகிறார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அந்த மிஷின் இறங்கும், கை நடுவில் போகக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம். ஆனால் டார்கெட் முடிய வேண்டுமே. ஒரு பட்டனை அமுக்கிய நிலையிலேயே டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை தகடு மாற்றும், ஒரு கை அமுக்கும்.

பக்கத்து வீட்டு மாதேஷும் அப்படித்தான் ஓட்டினான். ஒரு நாள் பகலில் தூங்காமல் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வந்தான். அன்றைக்கு ராத்திரி மிஷின் முன்னால் ஒரு நொடி கண் அசந்துவிட்டான். இப்போது நாகரசம்பட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறான், வலது கையில் இரண்டு விரல் இல்லாமல்.

அவனும் இவரும் எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். விரல் போனாலும் கேட்பாரில்லை. சொல்லாமல் ஒரு ஷிப்ட் போகாவிட்டாலும் மறுநாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் பயந்தாங்கொள்ளி. அப்புறம் எதற்குக் கொலைப் படம் என்றால், அந்த நேரமாவது வேறு யாருக்காகவோ பயப்படலாம் என்றுதான்.

குறட்டை நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக, பிரஸ் இறங்குகிற மாதிரி. தூக்கத்திலும் டார்கெட் முடிக்கிறீர்களா என்று போன வாரம்கூட அவரைக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

படத்தில் அந்தப் பெண் விளக்கை அணைத்தாள்.

திரை முழுக்கக் கறுப்பானது. போர்வை ஓட்டை வழியாக ஒரு கீற்று வெயில் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. போனின் கறுப்பில் என் முகம் தெரிந்தது. என் தோளுக்கு மேலே இன்னொரு முகம் தெரிந்தது.

கண்கள் திறந்திருந்தன.

படத்தில் வருகிற முகம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய முகம். இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. குறட்டை மட்டும் நிற்கவில்லை. சீராக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எத்தன நாளா?" என்றேன், திரும்பாமலே.

குறட்டை நின்றது.

"மாதேஷ் கை போனதுல இருந்து. கண்ண மூடுனா மிஷின் எறங்குது பூங்கொடி. நீ பயந்துக்குவியேன்னுதான்..."

நான் காவல் காத்த தூக்கம் இந்தக் கட்டிலில் இருக்கவே இல்லை. எனக்காகக் குறட்டை விட்டுவிட்டு, தூங்காத கண்ணோடு தினமும் அந்த மிஷின் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

போனைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்தேன். அவருடைய இரண்டு கையையும் என் இரண்டு கைக்குள் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன, அப்புறம் மெதுவாக அடங்கின.

பிறகு குறட்டை வந்தது. கர்ரென்று இழுத்து, நடுவில் அடைத்து, எச்சில் ஒழுக, கேட்கவே சகிக்காத குறட்டை. கல்யாணமான புதிதில் இதற்காகத்தான் அவரோடு சண்டை போட்டேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. போய்விட்டது.

தரையில் கிடந்த போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டது. சூப்பர்வைசர். எந்தப் படத்தில் எந்தக் கொலைகாரனைப் பார்த்தும் நான் அப்படிப் பயந்ததில்லை.

போனை எடுக்க வேண்டுமென்றால் அவர் கையை விட வேண்டும்.

நான் விடவில்லை.