உள்ளங்கைச் சூடு

நிறைமதி உருவாக்கிய சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். உள்ளங்கைச் சூட்டிலேயே ஓடும். அதைப் பார்க்கத்தான் கண்காட்சி அரங்கில் அத்தனை கூட்டம். நிறைமதி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதோடு இணைத்திருந்த குட்டித் திரை இருண்டே கிடந்தது. ஏசி குளிரிலும் பதற்றத்திலும் அவள் கை ஐஸ்கட்டியாகியிருந்தது. "என்ன மேடம், பேட்டரி போடணுமோ?" என்று சிரித்தபடி எதிர் ஸ்டாலிலிருந்து வந்தான் போட்டி நிறுவனத்து இம்மானுவேல். உலகத்திலேயே வேகமான சிப் உள்ளது என்று காலையிலிருந்து அவர்கள் முழங்கிக்கொண்டிருந்த போன் அவனிடம் இருந்தது. சூடு தாங்காமல் அதைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் கண்கள் அங்கேயே நின்றன. "ஒரு நிமிஷம் அசையாம பிடிங்க சார்!" என்றவள், தன் சிப்பை அந்தப் போனின் முதுகில் வைத்தாள். சிப்பின் குட்டித் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. "இம்மானுவேல், வாய்யா இங்க!" என்று எதிர் ஸ்டாலிலிருந்து அவனுடைய மேனேஜர் அலறினார். "கை சுடுதுங்க," என்று முனகினான் அவன். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு கையையும் கொடுத்து போனை அசையாமல் பிடித்துக்கொண்டான்.