விழாத குதிரை

மேற்கு அயர்லாந்தின் பந்தயத் திடலில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. குதிரைகளை நடத்திக் காட்டும் புல்வட்டத்தின் நடுவே ஒலிவாங்கியும் கையுமாக நிற்கிறார் டெக்லன். எந்தக் குதிரை வெல்லும் என்று பந்தயத்துக்குப் பந்தயம் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் பிழைப்பு. "கிரானியா மேல கண்ண மூடிக்கிட்டுக் கட்டுங்க. எந்த வேலியிலயும் இவ விழமாட்டா" என்று போன பந்தயத்துக்கு முன் சொல்லியிருந்தார். எதிர்ச் சரிவில், குதிரைகள் தாண்டும் கடைசி வேலிக்கு அப்பால், அடிபட்ட குதிரையைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் பச்சைத் திரையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். திரை எழுந்தபோது கழற்றிய தொப்பிகளை ஆண்கள் இன்னும் மாட்டவில்லை. யாரோ பாதி தின்ற உருளைக்கிழங்கு வறுவலின் காடி வாசனை ஈரக்காற்றில் நிற்கிறது. அடுத்த பந்தயக் குதிரைகள் மூச்சில் ஆவி பறக்க வட்டத்துக்குள் வருகின்றன. அடுத்த கணிப்பைச் சொல்ல டெக்லன் ஒலிவாங்கியைத் தூக்குகிறார். அப்போதுதான் கிரானியாவைப் பராமரிக்கும் ஈஃபா வருகிறாள். அவள் கையில் வெறும் கடிவாளம். அதன் இரும்பில் நுரை இன்னும் காயவில்லை.

"ஈஃபா, நான் வந்து..."

"நீங்க சொன்னது சரிதான், டெக்லன். அவ விழல. சுத்தமாத் தாண்டிட்டா. இறங்கினப்பதான் காலு ஒடிஞ்சுது. அப்பவும் மூணு கால்ல நின்னுகிட்டேதான் இருந்தா. ஊசி போட்டப்புறம்தான் படுத்தா."

கடைசிச் சொல் ஒரு கணம் பிந்தி, பார்வையாளர் கூரையிலிருந்தும் பிறகு எதிர்ச் சரிவிலிருந்தும் அவள் குரலிலேயே திரும்பி வருகிறது. டெக்லன் குனிந்து பார்க்கிறார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.