விலை சொல்லும் நாக்கு

"முதல்ல நீ சொல்லு. என்ன தெரியுது?"

யார்மிலா கிளாஸை ராதிம் பக்கம் நகர்த்தினார். எந்த பப்புக்குப் போனாலும் ஒரு கிளாஸ்தான், இரண்டு பேருக்கும். ராதிம் வேலை பார்க்கும் சிறிய பீர் ஆலையின் முதலாளி அவர். சிக்கனம் அவர் ரத்தத்தில் இருந்தது.

ராதிம் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மோந்தான். ஒரு வாய் குடித்தான். ஒன்றும் தெரியவில்லை.

தெரியவும் தெரியாது. பிப்ரவரியில் வந்த காய்ச்சல், போகும்போது அவன் மூக்கையும் நாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்கு வறுத்த வாத்தும் ஒன்றுதான், அது வரும் அட்டைப்பெட்டியும் ஒன்றுதான்.

கணக்கு எழுதுகிறவன் என்றால் இதை ஊருக்கே சொல்லலாம். பீர் காய்ச்சுகிறவன் சொல்ல முடியாது. அதுவும் யார்மிலாவிடம். செக் நாட்டின் ப்ர்னோ நகரத்தில் அவர் நாக்குக்கென்றே தனி மரியாதை உண்டு. ராதிமுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன், மால்ட் தானியம் லேசாகக் கருகியதைக் கவனிக்காமல் விட்டான். இப்போது டிராம் ஓட்டுகிறான். நன்றாகத்தான் ஓட்டுகிறானாம்.

திங்கட்கிழமை ஆலையின் புது பீருக்கு விலை வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த பப் சுற்றல்.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

ராதிமின் கண் சுவரில் இருந்த கரும்பலகைக்கு ஓடியது. 'பம்பளிமாஸ் வாசனை' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. கடவுள் இருக்கிறார்.

"பம்பளிமாஸ் மேடம். கசப்பு மெதுவா பின்னால வருது."

யார்மிலா கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். அதற்குள் ராதிம் பலகையில் இருந்த விலையையும் படித்துக்கொண்டான்.

"அதேதான். விலை?"

"அரை லிட்டர் எழுபத்தெட்டு கொரூனா."

"பகல் கொள்ளை. நட, அடுத்த இடம்."

அடுத்த இடத்தில் கரும்பலகையே இல்லை. நல்லவேளை, எதிர் மேஜையில் ஒரு தாத்தா அதே பீரை வாயில் வைத்துவிட்டு, மருந்து குடித்த பிள்ளைபோல முகத்தைச் சுளித்தார்.

"கசப்பு ஓவர் மேடம். அறுபத்தஞ்சு கேக்கிறான். ஐம்பதே ஜாஸ்தி."

"கரெக்ட்." யார்மிலா உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என் நாக்கு மாதிரியே இருக்கு தம்பி உனக்கு."

ராதிம் சிரித்தான்.

தெருவில் இறங்கியதும் அவர் சொன்னார்: "கடைசி இடத்துல நான் வாயே திறக்க மாட்டேன். நீயே குடிச்சு, நீயே சொல்லி, நீயே நம்ம பீருக்கு விலை வைக்கிற. அப்பத்தான் உன்னை நிரந்தரமாக்கறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியும்."

"தப்பாச் சொல்லிட்டா மேடம்?"

"டிராம்ல இன்னும் ஆள் எடுக்கிறாங்களாம்."

மூன்றாவது பப்பில் தோட்டத்தில்தான் இடம் கிடைத்தது. 'இன்னைக்கு வந்த புதுசு, சின்ன கிளாஸ்ல ஒண்ணு' என்று ஆர்டர் வாங்கும் ஜன்னலில் சொல்லிவிட்டு மேஜைக்கு வந்தால், சிவப்பாக, நுரையோடு ஒரு சின்ன கிளாஸ் ஏற்கெனவே அங்கே இருந்தது.

"பரவாயில்லையே, வேகமாத்தான் தர்றாங்க," என்றார் யார்மிலா. "ம், ஆரம்பி."

ராதிம் நாலாபக்கமும் பார்த்தான். பலகை இல்லை. அந்தச் சிவப்பை வேறு யாரும் குடிக்கவில்லை, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. யார்மிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய வாய் குடித்தான்.

சிவப்பு. சிவப்பு என்றால் என்ன பழம்?

"ராஸ்பெரி," என்றான். "புளிப்பு வகை மேடம். ஆனா அளவான புளிப்பு. நுரையைப் பாருங்க, இறங்கவே மாட்டேங்குது. கைதேர்ந்த வேலை."

"விலை?"

"இதுக்கு நூறுகூடக் கேக்கலாம். நம்மளது இதுக்குப் பக்கத்துல நிக்காது. எழுபது வைப்போம்."

யார்மிலா கிளாஸை வாங்கினார். கண்ணை மூடினார். நிதானமாக, பாதிக்கு மேல் குடித்தார்.

"அபாரம்," என்றார். "இந்த வருஷம் நான் குடிச்சதிலேயே இதுதான் பெஸ்ட். ஒவ்வொரு வார்த்தையும் சரியாச் சொன்ன. எழுபதே வைப்போம்."

அப்போதுதான் பரிமாறும் பெண் தட்டோடு ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, பீப்பாய் மாத்த வேண்டியதாயிடுச்சு. இந்தாங்க உங்க பீர்." அவள் பார்வை மேஜையில் இருந்த கிளாஸில் விழுந்தது. "ஐயையோ, அதைக் குடிச்சீங்களா? குளவி பிடிக்க இப்பத்தான் கலக்கி வெச்சேன்! மிச்ச பீர், ராஸ்பெரி சிரப், வினிகர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு... இருங்க, தண்ணி கொண்டுவர்றேன்!"

அவள் ஓடினாள். ராதிம் தலை நிமிரவில்லை. வேலை போயிற்று, இனி ப்ர்னோவில் ஒருவனும் அவனைக் கொதிகலன் பக்கம் அண்டவிட மாட்டான். யார்மிலாவின் நாற்காலி மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தது.

அக்கம்பக்கத்து மேஜைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு அவர் கிசுகிசுத்தார்:

"கடவுளே, யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி... எனக்குப் போன டிசம்பர் காய்ச்சல்லேர்ந்து. உனக்கு?"