பழுக்க விடாத பலா

"டென்டுக்குள்ள திங்கிற சாமான் ஒண்ணும் போகக் கூடாது தம்பி. எல்லாத்தையும் இந்தப் பெட்டியில வையுங்க. கரடி வாசம் பிடிச்சு வந்துரும்."

செண்பகவல்லி இரும்புப் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

குற்றாலத்து மலையடிவாரத்தில் அவளுக்கு ஒரு பலாத் தோப்பு. இந்த வருஷம் பழுக்குமுன்பே காயெல்லாம் வெட்டி விற்றாயிற்று. சாரல் சீசனில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறாள். துபாயிலிருந்து லீவில் வந்த முஃபீத், மனைவி ஹுஸ்னாவோடு தங்க வந்திருந்தான்.

பிரியாணி, பிஸ்கட், வழியில் வாங்கிய பலாச்சுளை எல்லாம் பெட்டிக்குள் போயின.

"பசிச்சா இங்கன வந்து சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டுப் போங்க."

"கரடியாவது கத்தரிக்காயாவது! அவங்க சமையலை விக்கதுக்கு இப்படி ஒரு நாடகம்," என்று மனைவியிடம் முணுமுணுத்தான் முஃபீத். ஒரு பொட்டலம் சுளையை மட்டும் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

பலா வாசம் பொட்டலத்துக்குள் அடங்குமா? கொஞ்ச நேரத்தில் செண்பகவல்லி கூடார வாசலில் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்த முஃபீதுக்கு மானம் போயிற்று.

"மரத்துல ஒண்ணு விடாம காயிலேயே வெட்டி வித்துட்டீங்க. காட்டு ஜீவனுக்கு ஒரு சுளை விட மனசில்ல. இப்ப எங்க பொட்டலத்தையும் புடுங்குதீங்க. இருங்க, நெட்டுல எழுதிப் போடுதேன். அப்புறம் இங்க எவன் தங்க வருதான்னு பாப்போம்!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. சீசன் வாடகையை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு.

சத்தம் கேட்டு அவள் புருஷன் வல்லிநாயகம் வந்தார். அவருக்கு ஒரு கண் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை தையல் தழும்பு.

எழுதிப் போட எடுத்த போனை முஃபீத் கீழே இறக்கினான்.

"போன சீசன்ல கரடி அடிச்சிட்டு தம்பி. பலா மரத்தடியில அழுகிக் கிடந்த பழத்தைத் திங்க குட்டியோட வந்திருக்கு. நான் பாக்காமப் போயி முன்னால நின்னுட்டேன்," என்றார், யாருக்கோ நடந்ததைப் போல.

ஹுஸ்னா பதறிவிட்டாள். "யா அல்லாஹ்! அந்தக் கரடியப் பிடிக்கலியா அண்ணாச்சி?"

"ஆபீசருங்க கூண்டோடதான் வந்தாங்க. ஊர்க்காரங்களும் பிடிச்சிட்டுப் போங்கன்னுதான் சொன்னாங்க. என்னைய ஆஸ்பத்திரியில போட்டுட்டு, இவதான் ஓடிப்போயி கூண்டை வைக்க விடாம மறிச்சா."

"ஏன்க்கா?" என்றான் முஃபீத்.

செண்பகவல்லி பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"பழத்தை அழுகப் போட்டு வாசலுக்கு வரவழைச்சது நாங்க தம்பி. கூண்டு அதுக்கா?"