ஒரே ஒரு வருகை

காணாமல் போன மகன் ஜெரோமின் படத்தோடு ஷீலா தொடங்கிய இணையப் பக்கத்துக்குத் தினமும் நாற்பது வருகைகள். எங்கிருந்தோ அவன்தான் பார்க்கிறான் என்று அவள் நம்பினாள்.

பக்கத்தை அமைத்துக் கொடுத்த இரும்புலியூர் வெப் டிசைனர் கார்த்தி தயங்கினான். "இல்லக்கா. ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் அதோட முகவரிக் கடைசியில, அந்த வருகைக்குன்னு ஒரு புது செஷன் நம்பர் ஒட்டிக்குது. அதைப் புதுப் பக்கம்னு நினைச்சு, தேடுபொறியோட ரோபோ, அதாவது பக்கங்களைத் தானா படிக்கிற புரோகிராம்தான் திரும்பத் திரும்ப வருது. இந்தக் குழப்பத்துல, தேடுறவங்க கண்ணுல பக்கம் படவே மாட்டேங்குது."

நம்பரை நீக்கி, ரோபோவும் கணக்கில் சேராதபடி செய்தான்.

மறுநாள் ஒரே ஒரு வருகை.

"இது ஜெரோம்!" ஷீலா திரையை நோக்கிக் குனிந்தாள்.

கார்த்தி சரிபார்த்தான். "உங்க வீட்டு கம்ப்யூட்டர்லேர்ந்துதான்க்கா. காலைல பதினோரு மணிக்கு."

அப்போது அவள் வேலையில் இருந்தாள். வீட்டில் இருந்தவர், மகனை அடித்துத் துரத்திவிட்டு, அவன் பெயரையே எடுக்கக் கூடாதென்று சொன்ன கணவர் சவுரிமுத்து மட்டும்தான்.